கழற்றி வைத்த டிஸ்க்

கீரமங்கலத்தில் நல்லதம்பி நடத்தும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பொற்கொடி சேர்ந்தது ரிப்போர்ட் டைப் அடிக்கத்தான். கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் பழுது பார்க்க ஆள் வருவதற்கு மூன்று நாளானது. அதனால் அவளே திறந்து பார்த்துக் கற்றுக்கொண்டாள். இந்தப் பதினொரு வருடத்தில் அவள் மதித்த மனிதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதலாளியின் மருமகன் வசந்த் அதில் சேர்த்தியில்லை.

அவர் சென்னையில் ஏதோ கம்பெனியில் மேனேஜர். பொங்கல் லீவில் வந்தவர், ஒரு ஞாயிறு மத்தியானம், "சிஸ்டத்த நானே அப்கிரேட் பண்ணிடுறேன்" என்று வந்து உட்கார்ந்தார்.

அந்தக் கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க். ஒன்றில் பதிவது அப்படியே மற்றதிலும் பதியும். பொற்கொடி மெஷினை அணைத்து, ஒரு டிஸ்க்கை உருவி, டிராயரில் வைத்துப் பூட்டினாள்.

"எதுக்கு மேடம்? ரெண்டும் இருந்தாத்தானே சேஃப்டி?"

"டிஸ்க் கெட்டாத்தான் சார் அது சேஃப்டி. நீங்க கெடுத்தா ரெண்டுலயும் சேந்துல்ல கெடும்."

வசந்த் சிரித்தார். நாலு மணிக்கு அப்கிரேட் முடிந்தது. திரை பளபளத்தது. ஒரு டிஸ்க் இல்லையென்று முகப்பில் சிவப்பு விளக்கு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

"ரெட் லைட் எரியுது பாருங்க. அதை மாட்டுங்க."

"மாட்டுனா புதுசு அதுமேல ஏறி, பழசு அழிஞ்சுரும். மொதல்ல ஒரு ரிப்போர்ட் எடுத்துக் காட்டுங்க."

"நான் சொல்றேன்ல?"

"அதனாலதான் மாட்டலை."

வசந்த் மாமனாருக்குப் போன் போட்டார். நல்லதம்பி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "என்ன பொற்கொடி, மாப்பிள்ளை சொன்னா கேக்க மாட்டியா?" அவள் சாவியைத் தரவில்லை. காலையில் எடுத்த ரத்தம் ஒன்றைப் பரிசோதனைக் கருவியில் வைத்தாள். தாள் வந்தது. பெயர் இருந்தது, வயது இருந்தது. எண்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறுமை. புது சிஸ்டத்துக்குப் பழைய கருவியைத் தெரியவில்லை.

வசந்த் முதலில் கேபிளைக் குறை சொன்னார், அப்புறம் கரண்ட்டை. ஒரு மணி நேரம் அவரை அப்படியே திணறவிட்டு, பொற்கொடி டீ குடித்தாள். பிறகு புது சிஸ்டம் ஏறிய டிஸ்க்கைக் கழற்றி, பூட்டி வைத்ததை மாட்டினாள். காலையில் இருந்த சிஸ்டம் அப்படியே எழுந்தது, எண்களும் வந்தன. சரிபார்த்த பிறகே மற்ற டிஸ்க்கைச் செருகினாள். பழையது அதன்மேல் பதிய, அப்கிரேட் இருந்த இடம் தெரியாமல் போனது.

"நல்லவேளை மாமா, ரோல்பேக் பண்ணி பழசையே கொண்டுவந்துட்டோம்" என்றார் வசந்த். நல்லதம்பிக்குப் பெருமை தாங்கவில்லை. "மாப்பிள்ளை அடுத்த லீவுக்கும் வருவாரு பொற்கொடி, கூட இருந்து கத்துக்க."

"வரட்டுங்க" என்றாள். ஜெயித்த சந்தோஷம்கூட அவளுக்கு வரவில்லை. ஜெயிக்கிற அளவுக்கு எதிரே ஓர் ஆள் இருக்க வேண்டுமே.