குருத்தோலைக்குள் இருந்த உயிர்

துறைமுகத்தில் கிரேன் உச்சியில் நின்று பேரிங்கின் சத்தத்தைக் கவனித்துக்கொண்டிருந்தபோது மைத்துனன் அழைத்தான். "மச்சான், மொதல்ல கீழ இறங்குங்க. பெறவு சொல்லுதேன்." காய்ச்சல் விட்டுவிட்டது, வேலைக்குப் போங்க என்று அன்று காலைதான் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து என்னை அனுப்பியவள் ரோசலின், என் மனைவி. அவள் இல்லை என்பது ஏணியில் இறங்கும்போதே தெரிந்துவிட்டது.

அறிவியல் ஆசிரியையாக அவளைப் பலர் அறிவார்கள். நான் அறிந்தவள் வேறு. கல்யாணமான புதிதில், குடியிருப்புச் சுவரோரப் பனங்கன்றில் பழுப்பாக ஒன்று விருட்டென்று தாவி உட்கார்ந்தது. விட்டில் என்றேன்.

"ஏங்க இன்ஜினியரே, வண்ணத்துப்பூச்சியப் போயி விட்டில்ங்கியளே! கொம்பு நுனியப் பாருங்க, ஒங்க கிரேன் கொக்கி மாதிரி வளைஞ்சிருக்குலா?"

பார்த்தேன். முன்சிறகில் வெளிறிய பொட்டுகள், பின்சிறகின் அடியில் கரும்புள்ளிகள். பனை, தென்னை, ஈச்சை ஓலைகளில் செந்நிற முட்டையிடுமாம். புழு ஓலையை மடித்து நூலால் தைத்துக்கொண்டு, அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகுமாம்.

இந்த வருஷம் குருத்தோலை ஞாயிறன்று கோவிலிலிருந்து கொண்டுவந்த ஓலையில் ஓர் இணுக்கு அப்படி மடிந்திருந்தது. எல்லார் வீட்டிலும் சிலுவை பின்னினார்கள். அவள் பின்னவில்லை. "மந்திரிச்ச ஓலைக்குள்ள ஒரு ஆளு குடியிருக்காரு," என்று செம்புத் தண்ணீரில் நிறுத்தினாள். என் விரல் நீள்வதைப் பார்த்துவிட்டாள். "எதையும் கழட்டிப் பாக்காம ஒங்களுக்கு இருப்புக்கொள்ளாதே! பிரிச்சா செத்துரும்."

அடக்கத்தன்று மாமி, அவள் அம்மா, அந்த ஓலையைப் பெட்டிக்குள் வைக்க எடுத்தார். அவர்கள் வீட்டு வழக்கம் அது. நான் பிடுங்கிக்கொண்டேன்.

"உள்ள உயிரு இருக்கு மாமி."

"எம்மவளுக்கு இல்லாத ஓலையா மருமவனே?"

ஓலை இல்லாமலே பெட்டியை மூடினார்கள்.

அதன்பிறகு பயம் பிடித்தது. உள்ளே இருப்பது ஏற்கெனவே செத்திருந்தால்? ஒரு செத்த பூச்சிக்காக அவளுக்குரியதைத் தடுத்தவன் ஆவேன். இயந்திரத்தில் காது வைத்தால் ஏதாவது கேட்கும். ஓலையில் ஒன்றும் கேட்கவில்லை. எறும்பு ஏறியது, செம்பைத் தண்ணீர்த் தட்டில் வைத்தேன். ஓலை வெளுத்துச் சுருங்கியது. மடிப்பைப் பிரிக்கக் கை போகும், அவள் சொன்னது நினைவு வந்து திரும்பும். அடக்கத்துக்குப் பிறகு என்னோடு தங்கிவிட்ட மாமி பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்று காலை இணுக்கின் வாயில் ஈரச் சிறகோடு அது தொங்கியது. மாமியைக் கூப்பிட்டேன். மூச்சுவிடப் பயந்து இருவரும் நின்றோம். சிறகு காய்ந்ததும் ஒரு தாவல். ஜன்னலுக்கு வெளியே வெயில்தான் இருந்தது.

"இப்பமாவது ஓலையத் தாங்க மருமவனே," என்று மாமி கை நீட்டினார்.

கல்லறையின் ஈரமண்ணில் அவரே அதை ஊன்றினார். காற்றில் வெற்று மடிப்பு படபடத்தது.

ரோசலின், இனி நான் பயந்து பயந்து காக்க வீட்டில் எதுவும் இல்லை. அந்த வீட்டுக்குத்தான் இப்போது திரும்பிப் போகவேண்டும். நீ போய் வா.