மாமியாரோடு பார்த்த மாமியார் படம்

எல்லா விமர்சனங்களும் அந்தப் படத்தைக் கிழித்திருந்தன. பெண் பார்க்க வரும் வருங்கால மாமியார் பலகாரத்தை முந்தானையில் முடிந்துகொள்வதெல்லாம் நகைச்சுவையா, மாமியார்களைக் கேவலப்படுத்துகிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். நான் அவற்றைப் படிப்பதற்குள் என் கணவர் எனக்கும் மாமியாருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டார்.

போகாமலிருக்க ஏதாவது சாக்குக் கிடைக்குமா என்று தேடினேன். துறைமுகத்தை ஒட்டிய அலுவலகத்தில் நான் மீண்டும் வேலைக்குச் சேர வேண்டும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வீர்களா என்று அத்தையிடம் கேட்க வாய் வராமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். இந்த நேரத்தில் அவர் கோபித்துக்கொண்டால்?

முந்தானைக் காட்சி வந்ததும் தியேட்டரே சிரித்தது. நான் மட்டும் மடியிலிருந்த பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல் குனிந்துகொண்டேன். அத்தை என் தோளை இடித்தார்.

"ஏளா, ஒன்னப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு ஒங்க வீட்டு மக்ரூன் பலகாரத்த நானும் முந்தானையில முடிஞ்சிட்டுல்லா போனேன். பஸ்ல எல்லாம் நொறுங்கிப் போச்சு."

அடக்க முடியாமல் சிரித்தேன். சிரித்த வேகத்தில் கேட்டும்விட்டேன். "அத்தை, நான் வேலைக்குப் போனா பிள்ளையப் பாத்துக்கிடுவீயளா?"

"இதக் கேக்கதுக்கா இம்புட்டு நாளு? ஒம் முழியப் பாத்து, பிள்ளையத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போகப் போறியோன்னுல்லா நான் பயந்துட்டு இருந்தேன்! படத்தப் பாரு."

விமர்சனங்களை இன்றும் படிக்கிறேன். ஆனால் அத்தைக்கு எது பிடிக்கும், எது வலிக்கும் என்பதை அவரிடமே கேட்டுவிடுகிறேன்.