‘லா’வுக்கு வந்த பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், ஆவி எதிலும் நம்பிக்கை இருந்ததில்லை. நான் ஒலிப்பதிவு எஞ்சினியர், வேலை மலேசியாவில், ஷா ஆலமில். எங்கே சத்தம் வந்தாலும் எந்த வயர், எந்த மைக், எந்த ஸ்பீக்கர் என்று வரிசையாகப் பார்த்துத்தான் பழக்கம். கோலாலம்பூரின் பழைய கத்தோலிக்கப் பேராலயத்தில் அன்று சாயங்காலம் நடந்தது மட்டும் அந்த வரிசையில் எங்கேயும் உட்கார மாட்டேன் என்கிறது. சிரிப்பதென்றால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு பாடகர் குழு மலேசியாவுக்குப் பாட வந்திருந்தது. ஒலி முழுக்க என் பொறுப்பு. முதல் நாளே ஒட்டிக்கொண்டோம், காரணம் மலேசியாவில் நாங்கள் பேச்சின் முடிவில் சும்மா ஒட்டிக்கொள்ளும் ‘லா’. கிள்ளானில் வாழையிலைச் சாப்பாடு. “நல்லா சாப்டுங்க லா” என்றேன், அவ்வளவுதான், மேசை முழுக்க ஒரே சுருதியில் “லாஆஆ” என்று இழுத்தது! டோ, ரே, மீ என்று மேற்கத்திய ஸ்வரம் சொல்லிப் பாடுகிறவர்கள் அவர்கள்; அதில் ‘லா’வும் ஒன்று, கச்சேரியின் முதல் பாட்டு தொடங்குவதே அந்த லாவில்தான்.

“எங்க ஊர்ல லே, ஒங்க ஊர்ல லா. நடுவுல கடல் மட்டுந்தாங்க்கா” என்றாள் ஜெனிஃபர். அதற்கப்புறம் நான் பஸ்ஸில் “ஏறுங்க லா” என்றாலும் பதிலுக்கு லாஆஆ.

இந்த ஜெனிஃபர்தான் முதல் பாட்டை வாத்தியமே இல்லாமல் தனியாக எடுக்க வேண்டும். காலேஜ் பெண், முதல் தனிப்பாட்டு. பிரிக்ஃபீல்ட்ஸ் ஒத்திகையில் சுருதியைத் தூக்கிப் பிடித்துவிட்டாள், உச்சிக்குப் போனபோது எல்லாருக்கும் தொண்டை கிழிந்தது. “கச்சேரியிலயும் இப்படி எடுத்தேன்னா, மிச்ச ஊருக்கெல்லாம் செலின்தான் பாடுவா” என்றார் குழுவை நடத்தும் மாஸ்டர், எல்லார் முன்னாலும். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் ஒரு வழி சொன்னேன். அவள் காலடியில் சின்ன ஸ்பீக்கர், மாஸ்டர் கையைத் தூக்கியதும் என் லேப்டாப்பிலிருந்து அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி அந்த லா. அவ்வளவுதானே!

பேராலயம் நிரம்பி வழிந்தது. நான் கடைசித் தூண் பக்கத்தில், ஒலிக் கட்டுப்பாட்டு மேசையோடு. அடுத்த நாற்காலியில் என் பை மட்டும்தான். மாஸ்டர் கையைத் தூக்கினார். ஜெனிஃபர் என்னைப் பார்த்தாள். அழுத்தினேன். லேப்டாப் உறைந்துபோய் நின்றது. மறுபடி அழுத்தினேன், ம்ஹூம். என்னால்தான் இவளுக்குப் பாட்டு போகப்போகிறது. “ஐயோ, வா லா” என்று லேப்டாப்பிடம் முணுமுணுத்தேன். ஒத்திகையில் அந்தக் காலடி ஸ்பீக்கர் வழியாக அவளோடு பேச வைத்திருந்த மேசை மைக்கை அணைக்க மறந்திருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது.

ஜெனிஃபர் சிரித்தாள். வாயைத் திறந்தாள். அச்சு அசலாக அதே சுருதி! ஒவ்வொரு குரலாகச் சேர்ந்து, உச்சி இடம் வந்தபோது அந்தக் கூரையே பாடுகிற மாதிரி இருந்தது, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்து, ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டி, நான் மேசையைக்கூட மறந்து கத்தினேன்.

முடிந்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். “பாடத் தெரியாதுன்னு என்னா பொய்யிக்கா! வா லான்னு சொல்லிட்டு நீங்களே லாஆஆன்னு எடுத்துக் குடுத்தீங்களே!”

“நானா? நான் பாடவே இல்லை லா.”

சுற்றி நின்றவர்கள் வழக்கம்போல லாஆஆ என்றார்கள். நானும் சிரித்தேன். பதற்றத்தில் ஏதோ கேட்டிருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

பதிவு தனிக் கருவியில் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் மேசை மைக்கை மட்டும் தனியாகக் கேட்டேன். என் “ஐயோ, வா லா”. அடுத்து ஒரு பெண் குரல், நிதானமாக, நீளமாக, லா.

என் குரலா என்று முதலில் பார்த்தேன். அந்த லாவுக்கு அடியிலேயே நான் மூச்சு வாங்குவதும் லேப்டாப்பைத் தட்டுவதும் கேட்கிறது. மேடையிலிருந்து வந்ததா? அந்தக் கட்டடத்தில் தூரத்திலிருந்து வரும் எந்தச் சத்தமும் எதிரொலியில் நனைந்துதான் வரும். இதில் ஒரு பொட்டு எதிரொலி இல்லை. உதடு மைக்கை உரசுகிற நெருக்கம், என்னைவிடக் கிட்டே. நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். என் காதில் எதுவுமே விழவில்லை.

அதிலிருந்து நான் லா சொல்வதை விட்டுவிட்டேன். “என்னடி, மெட்ராஸ்காரி மாதிரி பேசுற?” என்று அம்மா கிண்டல் செய்கிறார். ஆனால் ஊறிப்போன பேச்சு, எத்தனை நாளைக்கு அடக்க முடியும்? போன வாரம் ஷா ஆலமில், கதவை மூடிக்கொண்டு தனியாக ஒரு பதிவை முடித்தேன், மைக்கையும் பதிவுக் கருவியையும் இன்னும் அணைக்கவில்லை, என்னை அறியாமல் “முடிஞ்சிருச்சு லா” என்று வந்துவிட்டது. வாயை மூடினேன். அறையில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் திரையில் அந்த மைக்கில் விழும் ஒலியளவைக் காட்டும் பச்சைக் கோடு மெதுவாக ஏறியது, ஒரு நீண்ட மூச்சு நேரம் அசையாமல் நின்றது, பிறகு இறங்கியது.

அந்தப் பதிவு என்னிடம்தான் இருக்கிறது. இன்னும் கேட்கவில்லை.