அம்மா பார்த்த டொல்பின்

மகளின் கைபேசியில் டொல்பின் ஒன்று 'புஸ்' என்று மூச்சு விட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் நான் பத்து வயதுக்குப் போய்விட்டேன்.

அப்போது வட்டவளையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். "டொல்பின் மீனு இல்லம்மா. குட்டி போட்டுப் பால் குடுக்கும்" என்று புத்தகத்தைக் காட்டினேன். கொழுந்து பறித்துவிட்டு வந்திருந்த அம்மா லயமே கேட்கும்படி சிரித்தாள்.

"கடலுக்குள்ள குடுத்தா பால் கரைஞ்சு போயிராதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த லீவில் தோட்டத்து ஆட்களோடு திருகோணமலைக்குப் போனோம். அன்றுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்த அம்மா, படகில் பயந்துபோய் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். திடீரென்று பக்கத்தில் ஒரு டொல்பின் மேலே வந்து, உச்சந்தலைத் துளையால் மூச்சு விட்டது. அதன் விலாவை ஒட்டி ஒரு குட்டி நீந்தியது. குட்டி பின்தங்கியபோது தாய் வேகத்தைக் குறைத்தது. தெளிந்த தண்ணீரில் குட்டி தாயின் அடிவயிற்றை முட்டுவது தெரிந்தது.

அம்மா என் கையை விட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"பால் குடிக்குது! எல்லாரும் பாருங்க, பால் குடிக்குது!"

படகுக்காரர் உட்காரச் சொல்லிக் கத்தினார். அவள் காதில் விழவே இல்லை.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் கங்காணியிடம் சொன்னாளாம்:

"அது மீனு இல்லீங்க. எம் மக அப்பவே சொன்னா, நான்தான் நம்பல."