திறக்காமல் வைத்த சாப்பாடு

விருந்தாளி கொண்டுவரும் சாப்பாட்டை அவருக்கே பரிமாறக் கூடாது என்பது எங்கள் வீட்டு முறை. அதை உள்ளே எடுத்துவைத்துவிட்டு, நாங்கள் சமைத்ததைத்தான் போடுவோம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அதை நினைத்தால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

துறைமுகக் களஞ்சியத்தில் என்னோடு வேலை செய்த நண்பர் மூதூரிலிருந்து வந்தார். என்னைவிட மூத்தவர், நானா என்றுதான் கூப்பிடுவேன். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த சில்வர் பாத்திரத்தை நீட்டினார்.

“வீட்டில ஆக்கினது தம்பி. சோறும் மீனும். ரெண்டு பேருக்கும் காணும்.”

“நீங்கள் கொண்டந்ததை உங்களுக்கே போடவோ? நல்ல கதை!”

வாங்கிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் சமைத்ததை எடுக்கக் குசினிக்குள் போய்விட்டேன்.

மனைவி இறந்தபின் நானேதான் சமைக்கிறேன். நானா ஹலால் பார்ப்பவர் என்பதால் இறைச்சி வாங்காமல், கருவாட்டுக் குழம்பும் மீன் பொரியலும் வைத்திருந்தேன். ஊறுகாயும் இருந்தது. “காணும் தம்பி” என்று அவர் சோற்றுக் கோப்பையைக் கையால் மறைத்தார்.

“என்ன நானா, மூட்டை தூக்கின ஆள் ஒரு கரண்டி சோற்றுக்குப் பயப்படுறியளோ?”

சிரித்துக்கொண்டு கையை எடுத்தார். போட்டதையெல்லாம் சாப்பிட்டார். புறப்படும்போது கால் செருப்புக்குள் நுழையவில்லை. வயது என்று நினைத்தேன்.

பின்னேரம் பாத்திரத்தைத் திறந்து ஒரு வாய் வைத்தேன். உப்பே இல்லை. பகிடி விடலாமென்று அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். நானா இன்னும் போய்ச் சேரவில்லை. அவர் மனைவிதான் எடுத்தார்.

“என்ன மதினி, மூதூரில் உப்புக்குப் பஞ்சமோ?”

“டொக்டர் உப்பைத் தொடப்படாதெண்டிட்டார் தம்பி. கிட்னி சரியில்ல. அதைச் சொல்ல அவருக்கு வெக்கம். அதான் உங்களுக்கும் சேத்து ஆக்கினன். அங்க இதைத்தானே சாப்பிட்டவர்?”

“ஓம்” என்றேன்.

வாயில் அப்படித்தான் வந்தது. பிறகு அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. வீங்கிய காலோடு அவர் பஸ்ஸில் இருப்பார். வீட்டில் கேட்டால் அவரும் அதே ‘ஓம்’தான் சொல்வார். பிறகு அவரை யார் கவனிப்பது? எண்ணை அழுத்துவதும் நிறுத்துவதுமாக நின்று, கடைசியில் அழைத்தேன்.

“மதினி, நான் பொய் சொன்னனான். அவர் சாப்பிட்டது என்ர கருவாட்டை. நான்தான் வற்புறுத்திப் போட்டனான்.”

தொலைபேசியை வைத்துவிட்டார்.

காலையில் நானா அழைத்தார். “காட்டிக் குடுத்திட்டீங்களே தம்பி! விடிய விடிய ஏச்சு. இப்ப கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போறா.” சிரிக்கப் பார்த்தார்; மூச்சு வாங்கியது.

“இனிமேல் கொண்டு வாறதை உடனே திறந்து, ரெண்டு பேரும் அதையே சாப்பிடுவம் நானா. வருவியளோ?”

“பாப்பம்” என்றார்.

அதன்பிறகு அவரிடமிருந்து ஒரு கதையும் இல்லை. பாத்திரம் கழுவிக் கிடக்கிறது. அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதும் எங்கள் வீட்டு முறையில்லை. இன்று உப்பில்லாமல் ஒரு மீன்கறி வைத்துப் பார்த்தேன். வாயில் வைக்க முடியவில்லை. நாளைக்கும் வைத்துப் பார்ப்பேன்.