அண்ணனுடன் சேர்ந்து சொன்ன ஜெபம்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். அண்ணனுடைய நல்ல குணங்களை எழுதுவது எனக்குச் சிரமமில்லை. அவற்றை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஆனால் அவருக்கு இருந்த குறையை மறைத்து எழுதினால் அது அவரைப் பற்றிய எழுத்தாக இராது. அண்ணனுக்குப் பேச்சு திக்கும். சிறு வயதில் திக்கியது, கடைசி மூச்சு வரை திக்கியது. அந்த வாயை வைத்துக்கொண்டுதான் அவர் எங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்தில் உபதேசியாராக இருந்தார்.

ரத்தோட்டைக்கு மேலே மலைச்சரிவில் உள்ள தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளின் கடைசிக் காம்பராவில், அண்ணன் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர். அம்மா கொழுந்து எடுப்பவர். எங்கள் குடும்பம் தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் பெற்றிருந்தது. அண்ணனுக்குப் பின் பிறந்த இரண்டு பிள்ளைகள் தவறிப்போக, அதற்கும் பிறகு பிறந்தவள் நான்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பாடம் ஒப்பிக்கச் சொன்னால் அண்ணனுக்கு முதல் எழுத்திலேயே வாய் நின்றுவிடும். பிடிவாதம் பிடிக்கிறான் என்று நினைத்து வெளியே நிற்க வைப்பார்கள். வேலைக்குப் பேர் பதிந்த பிறகும் அந்தத் தொல்லை விடவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் கணக்கப்பிள்ளை பெயரைக் கூப்பிட்டால் அண்ணன் கையை மட்டும் தூக்குவார். புதிதாக வந்த ஒரு கணக்கப்பிள்ளை கையைப் பார்க்காமல், ஆள் வரவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்று அண்ணன் மலைக்குப் போய் முழு நாளும் மண்ணைக் கிளறி முள்ளுக் குத்தினார். சாயங்காலம் பேர் இல்லை, அதனால் கூலியும் இல்லை என்றார்கள். அப்பா போய்ப் பேசினார், ஒன்றும் நடக்கவில்லை. இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு எங்கள் பிரஜாவுரிமையும் போயிருந்த காலம் அது. தோட்டத்தில் யாருக்குமே வாய் இல்லை. அண்ணனுக்கு இரண்டு மடங்கு இல்லை.

அவர் திக்காமல் இருந்த ஓர் இடம் உண்டு. ஆலயத்தில் எல்லோரும் சேர்ந்து பாடும்போது அவருடைய குரல் தண்ணீர் போல ஓடும். பாட்டு முடிந்ததும் பழையபடி வாயை மூடிக்கொள்வார். பாடும்போது வருவது பேசும்போது ஏன் வரவில்லை என்று அம்மா கேட்பார். அண்ணனுக்கும் அது தெரியாது.

அண்ணி எல்கடுவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர். கல்யாணத்தில் போதகர் ஐயா வாக்குறுதியைச் சொல்லிக் கொடுத்து, திரும்பச் சொல்லச் சொன்னார். அண்ணன் முதல் சொல்லிலேயே நின்றுவிட்டார். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் வியர்த்தது. ஆலயத்தில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அப்போது அண்ணி, குனிந்த தலை நிமிராமலே, அந்தச் சொல்லை மெதுவாகச் சொன்னார். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். பிறகு இருவருமாகச் சேர்ந்தே வாக்குறுதியைச் சொல்லி முடித்தார்கள். மாப்பிள்ளை வாக்கையும் பொண்ணே கொடுத்துவிட்டாள் என்று சாப்பாட்டுப் பந்தியில் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

அவர்களுக்கு இரண்டு பையன்களும், கடைசியாக ரூபி என்ற பெண் குழந்தையும் பிறந்தார்கள். இதற்கிடையில் எனக்கு மாத்தளை டவுனில் கல்யாணமானது. இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் எழுதிய பிறகு குடும்பம் குடும்பமாக ஆட்கள் இந்தியாவுக்குக் கப்பலேறத் தொடங்கினார்கள். எங்கள் பழைய உபதேசியாரும் போய்விட்டார். போதகர் ஐயா மாதம் ஒரு தடவைதான் டவுனிலிருந்து மேலே வர முடியும். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்தவும், சாவு வீடுகளில் ஜெபம் சொல்லவும் ஒரு ஆள் தேவைப்பட்டது. மீதியிருந்த கிறிஸ்தவக் குடும்பங்களில் ஆராதனைப் புத்தகத்தைத் தடங்கலில்லாமல் படிக்கத் தெரிந்தவர் அண்ணன் ஒருவர்தான், மனதுக்குள் மட்டும்.

போதகர் ஐயா காம்பராவுக்கே வந்து கேட்டார்.

"ஐயா, எ... எனக்கு வா... வாய் வராதுங்க" என்றார் அண்ணன்.

"தெரியும்பா. வேற யாரு இருக்கா, நீயே சொல்லு."

போதகர் ஐயாவும் வேறு வழி தெரியாமல்தான் கேட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்ததாக அண்ணி சொல்வார். தெம்புள்ள ஆள் ஒருவர் வரும் வரைக்கும் என்று சொல்லி அண்ணன் ஒத்துக்கொண்டார். அப்படி ஒருவர் வரவேயில்லை.

முதல் ஞாயிறு நானும் போயிருந்தேன். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, புத்தகத்தை விரித்து நின்றார். 'கர்த்தர்' என்பதுதான் முதல் சொல். 'க' என்று வாய் திறந்தது, அப்படியே நின்றது. பின்வரிசையில் இளவட்டங்கள் சிரித்தார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. எழுந்து போய்விடலாமா என்று எனக்குத் தோன்றியது. முன்வரிசையில் இருந்த பாக்கியம் அக்கா, எங்கள் லயத்தில் கொழுந்து எடுப்பவர், எழுத்து வாசனை இல்லாதவர், "கர்த்தர்" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வரியிலும் நின்றார். பாக்கியம் அக்காவோடு இன்னும் இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். ஆராதனை முறை எல்லோருக்கும் மனப்பாடம்தானே. சேர்ந்து சொல்லும்போது அண்ணனுக்குத் திக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஆலயத்தில் உபதேசியார் சொல்ல வேண்டியதையும் சபையே சேர்ந்து சொன்னது.

இதைக் கேட்டு அவருக்கு ஏதோ வல்லமை வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. குணமாக்கும் ஊழியக்காரர் ஒருவர் மாத்தளைக்கு வந்திருந்தபோது நான்தான் அண்ணனை அழைத்துக்கொண்டு போனேன். அவர் அண்ணனுடைய தலையில் கை வைத்து நீண்ட நேரம் ஜெபித்தார். பிறகு ஒலிவாங்கியை அண்ணனுடைய வாயருகே பிடித்து ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னார். 'ஸ்' என்ற சத்தம் மட்டும் மைதானம் முழுவதும் கேட்டது. விசுவாசம் போதவில்லை என்று சொல்லி அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். பஸ் நிலையத்துக்கு நடக்கும் வழியெல்லாம் நான் அழுதேன். அண்ணன் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். "அ... அவரு எனக்காக ஜெபிச்சாரே, தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

பிறகு பஞ்சம் வந்தது. அந்த வருடங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பங்கீட்டு அரிசி குறைந்தது, கோதுமை மா கிடைக்கவில்லை, மலையில் வேலையும் குறைந்தது. அண்ணன் இன்னும் சிலரோடு மலையைக் கடந்து பல்லேகமப் பக்கத்துச் சிங்களக் கிராமங்களுக்குக் குரக்கன் தானியம் கேட்டு நடந்தார். சிங்களத்திலும் அவருக்குத் திக்கும். ஒரு வீட்டு வாசலில் நின்று அவர் கேட்டு முடிப்பதற்குள்ளேயே அந்த வீட்டு அம்மா குரக்கனும் அவித்த மரவள்ளியும் கொண்டுவந்து வைத்தாராம். வாய் திறந்த கோலத்திலேயே பசி தெரிந்துவிட்டது என்று அண்ணன் என்னிடம் சொன்னார். அந்த வீட்டார் யாரென்று இன்று வரை எங்களுக்குத் தெரியாது.

தோட்டத்தில் சாவு அதிகமானது. முதலில் வயதானவர்கள், பிறகு குழந்தைகள். போதகர் ஐயாவுக்கு ஆள் அனுப்பினால் அவர் வந்து சேர்வதற்குள் பொழுது போய்விடும். எல்லாக் குழியருகிலும் அண்ணன் நின்றார். சபையார் அவரோடு சேர்ந்து ஜெபம் சொன்னார்கள். உடலைத் தூக்கி வந்த சைவக்காரர்களும் கேட்டுக் கேட்டுப் பழகி, தாங்களும் சேர்ந்து சொன்னார்கள்.

ரூபிக்கு வயிற்றோட்டம் கண்டது ஒரு மழை நாளில். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து இல்லை. அண்ணன் பிள்ளையைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ரத்தோட்டைக்கு இறங்கினார், அண்ணி பின்னால் ஓடினார். பாதி வழியில், பாலத்துக்குக் கிட்ட, பிள்ளை தோளில் கனத்தது. அண்ணன் அதை உடனே சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு நின்று, அண்ணியைப் பார்த்து, திரும்பினார்.

செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது குழி வெட்டியாயிற்று. அண்ணன் சும்மா நிற்கட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. தன் பிள்ளைக்குத் தானே சொல்ல வேண்டும் என்று புத்தகத்தை எடுத்து வாயைத் திறந்தார். திக்கல் கூட இல்லை. காற்று மட்டும் வந்தது. பாக்கியம் அக்கா தொடங்கினார், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். எப்போதும் அதில் வந்து சேரும் அண்ணனுடைய குரல் அன்று வரவில்லை. கடைசி ஆமென் வரைக்கும் அவர் வாய் திறந்தபடியே இருந்தது. மண் போட்டு முடிந்த பிறகும் அப்படியே நின்றார். நான் போய் அவருடைய கையிலிருந்து புத்தகத்தை வாங்கினேன்.

அடுத்த ஞாயிறு அவர் ஆலயத்துக்குப் போகவில்லை. அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். மணி அடித்தது. சபையார் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாக்கியம் அக்கா காம்பரா வாசலில் வந்து நின்றார்.

"உபதேசியாரே, மணி அடிச்சாச்சுங்க."

"எ... எனக்குச் சொல்றதுக்கு ஒ... ஒண்ணுமில்ல."

"எங்களுக்கும் ஒண்ணுமில்ல. வாங்க, சும்மா ஒக்காந்திருப்போம்."

அண்ணன் எழுந்து போனார். அன்று பாட்டில்லை, ஜெபமில்லை, பிரசங்கமில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வேறு வீட்டாரும் அங்கே இருந்தார்கள். ஆராதனை முடிகிற நேரம் வரைக்கும் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்கள். அதற்கடுத்த ஞாயிறு அண்ணன் தானாகவே போய்ப் புத்தகத்தை விரித்தார்.

பலவீனத்தில்தான் தேவபலம் விளங்கும் என்று நிறையப் பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். அண்ணனிடம் அந்தப் பலம் எப்படித் தெரிந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பார்க்கிறவர்களுக்கு அது பலமாகவே தெரிந்திருக்காது. முடியாத ஒரு வேலையை வாரம் தவறாமல் எல்லோர் முன்னாலும் முடியாமல் செய்தார். முடியாதவர்கள் அவரிடம் வெட்கமில்லாமல் வந்தார்கள். நான் கண்டது அவ்வளவுதான்.

போன வருடம் அவருக்கு நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் கண்டது. மாத்தளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் கஞ்சி கொண்டுபோவேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. ஒரு மத்தியானம், பார்வையாளர் நேரம் முடியப்போகும்போது, என் கையைப் பிடித்து, "ப... பயமா இருக்கு, தங்கச்சி" என்றார். எத்தனையோ பேருடைய தலைமாட்டில் நின்ற மனிதர். மணி அடித்தும் நான் போகவில்லை. தாதி அம்மா பார்த்தும் பார்க்காதது போலப் போய்விட்டார். அண்ணன் தூங்கும் வரைக்கும் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் அவர் இல்லை.

அடக்க ஆராதனைக்குப் போதகர் ஐயாவே வந்தார். அவர் தடங்கலில்லாமல் வாசிக்க வாசிக்க, சனங்கள் பழக்கத்தில் கூடவே சத்தமாகச் சொன்னார்கள். ஐயா ஒரு கணம் நிறுத்தி, சுற்றிலும் பார்த்துவிட்டு, தம்முடைய குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அண்ணனை ரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்குக் கொண்டுபோக லொறி கொடுத்து உதவிய கடைக்காரருக்கும், வார்டில் பார்த்துக்கொண்ட டாக்டர்மாருக்கும் தாதிமாருக்கும், பெட்டியைத் தோள்மாறித் தூக்கி மலையேறிய தோட்டத்து வாலிபர்களுக்கும், போதகர் ஐயாவுக்கும், பாக்கியம் அக்காவுக்கும், அண்ணன் ஒரு சொல்லைச் சொல்லி முடிக்கும் வரைக்கும் பொறுமையாக நின்று கேட்ட ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தூரத்திலிருந்து வந்தவர்களுக்குச் சரியாக உபசாரம் செய்ய முடியாமல் போனதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அண்ணிக்கும் பையன்களுக்கும் இந்தியாவுக்குப் போகும் பத்திரம் வந்துவிட்டது. இந்த நினைவு ஆராதனை முடிந்த பிறகு அவர்கள் தலைமன்னாருக்கு ரயிலேறுகிறார்கள். போகவும் மனமில்லை, இருக்கவும் வழியில்லை. ரூபியும் அண்ணனும் தோட்டத்து இடுகாட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். கல் வைக்க எங்களால் இயலவில்லை.

"அங்க போய் நான் யாரு குழிக்குப் பூ வைக்கிறது?" என்று அண்ணி நேற்று என்னிடம் கேட்டார்.

நான் இங்கேதான் இருப்பேன், பஸ் ஓடும் நாட்களில் ரத்தோட்டைக்கு வந்து புல்லைச் செதுக்கிவிட்டுப் போவேன் என்று சொன்னேன். நான் வர முடியாத நாட்களில், தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் நீங்கள் யாராவது அந்த வழியாகப் போனால் அதைச் செய்யுங்கள்.

தங்கை,
மாத்தளை