பொரிக்குத் திரும்பி வந்த மீன்கள்

எங்கள் தீவுக்குச் சுதந்திரம் கிடைப்பதற்கு நாலைந்து வருஷம் முந்தி நடந்தது இது. காத்ர் போர்ன் ஊருக்குக் கொஞ்சம் தள்ளி, எங்கள் முருகன் கோயிலுக்குப் பின்னால் ஓர் ஆறு வளைந்து போகும். காவடிக்கு அங்கே குளித்துவிட்டுத்தான் புறப்படுவோம். அந்த வளைவில் உள்ள மடுவில் மீன்கள் நிறைய. கோயில் மீன் என்று யாரும் பிடிப்பதில்லை. வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் நானும் என் மனைவியும் பொரி போடுவோம். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆற்றுப் படியில் எங்கள் நிழல் விழுந்தாலே போதும், அதுகள் கூட்டமாக வந்து வாயைத் திறக்கும்.

அந்த வருஷம் ஆற்றின் மேல்பக்கம் துணிக்குச் சாயம் போடும் பட்டறை ஒன்று வந்தது. என் மச்சினனுக்கும் அங்கே வேலை கிடைத்தது. முதலில் தண்ணீர் லேசாகச் சிவந்தபோது, காவடிக்குக் கட்டிய புதுச் சிவப்பு வேட்டிகளின் சாயம்தான் என்று நினைத்துக்கொண்டோம். காவடி முடிந்தும் நிறம் போகவில்லை. பிறகு நீலமும் வந்தது. மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் திணறின. சிலது சாய்ந்து சாய்ந்து நீந்தின. செத்து ஒதுங்கிய ஒன்றின் செவுளைப் பிரித்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டியது வெளுத்துப்போய், அதன்மேல் நீலமாகச் சளி படிந்திருந்தது.

கோயில்காரர்கள் நாலு பேர் போய்ப் பட்டறை முதலாளியிடம் சொன்னோம். உட்கார வைத்து மரியாதையாகத்தான் பேசினார். ஆறு ஓடுகிறது, சாயம் கடலுக்குப் போய்விடும் என்றார். வெளியே வந்தபோது வாசலில் மச்சினன் தலை குனிந்து நின்றான். "மச்சான், இதுக்கு மேல பேசாதீங்க. இந்த வேலை போனா நான் திரும்பக் கரும்பு வெட்டத்தான் போகணும்" என்று எங்கள் தீவுப் பேச்சான கிரியோலில் மெதுவாகச் சொன்னான்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அவனே வந்தான். அன்னதான அண்டாவில் மீன்களை அள்ளி, பட்டறைக்கும் மேலே, தெளிந்த தண்ணீரில் கொண்டுபோய் விட்டோம். துவைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா, "நடந்தா போறீங்க? பஸ்ல ஏத்தி விடுங்களேன்" என்று கேலி செய்தாள். பிறகு அவளே சேலையைச் செருகிக்கொண்டு அண்டாவின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். அன்று சாயங்காலம் என் மனைவி விளக்கேற்றிவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு பாடினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை படியில் இறங்கினோம். நீலத் தண்ணீரில் மீன்கள் காத்திருந்தன. வால் கிழிந்த பெரிய மீன் ஒன்றும் அதுகளில் இருந்தது. நானே என் கையால் தூக்கி அண்டாவில் போட்ட மீன் அது. நல்ல தண்ணீரை விட்டுவிட்டு, பொரி விழும் இடத்துக்கே எல்லாம் இறங்கி வந்துவிட்டன.

மனைவி மடியில் இருந்த பொரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"போடாதீங்க. பட்டினி கிடந்தாவது மேல போகட்டும்."

போடவில்லை. மறுநாளும் போடவில்லை. நிழல் விழாமல் மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தோம். அதுகள் போகவே இல்லை. நாளுக்கு நாள் மீன்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் அந்தப் பெரிய மீன் படியோரம் மல்லாந்து கிடந்தது, வாய் திறந்தபடி. மச்சினன்தான், முழங்கை வரை நீலம் ஏறிய கையால் அதை எடுத்துக் கரையில் புதைத்தான். மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்குப் போனான். வேறென்ன செய்வான், பாவம்.

இத்தனை வருஷமாக முருகனிடம் என்னென்னவோ கேட்கிறேன். எங்களை நம்பித் திரும்பி வந்த அந்த உயிர்களைப் பட்டினியோடு சாக விட்டோமே, அதைப் பற்றி மட்டும் அவனிடம் பேச இன்றைக்கும் எனக்கு வாய் வருவதில்லை.